பச்சை இலைப் பலகையும் பழுப்பு நிலக்கரியும்

வடலூர் நாற்சந்தியிலிருந்து மேற்கே விருத்தாசலம் நோக்கிப் பேருந்தில் வருவோருக்கு, மந்தாரக்குப்பம் வந்து சேருமுன்பே அதன் அடையாளம் தெரிந்துவிடும். செம்மண் நிலத்தையும் முந்திரித் தோப்புகளையும் கடந்து செல்கையில், அடிவானத்தில் நீண்டதொரு குன்று எழும். பழைய தென்னார்க்காட்டுச் சமவெளியில் குன்று ஏது? அது சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேல்மண். அதன்மேல் நட்ட மரங்கள் வளர்ந்து அடர்ந்துவிட்டமையால், புதியவர்கள் அதனை இறைவன் படைத்த மலையென்றே எண்ணிவிடுகின்றனர். அதற்கப்பால் வானளாவிய புகைபோக்கிகள், அடி பெருத்து இடை சிறுத்த குளிர்விப்புக் கோபுரங்கள், பிறகு கடைவீதி.

மந்தாரக்குப்பம் நெய்வேலி நகரியத்தின் வேலிக்கு வெளியே வளர்ந்த ஊர். ஆட்சிப்படி கங்கைகொண்டான் பேரூராட்சியைச் சேர்ந்தது. நகரியத்துக்குள் வட்டம் வட்டமாகப் பிரித்த நேரான சாலைகளும், இருமருங்கும் மரநிழலும், அமைதியும் உண்டு. இங்கோ நெருக்கமும் இரைச்சலும்தான். பரோட்டாக் கடை, பழக்கடை, தொழிலாளர் அணியும் கனத்த காலணிகள் விற்கும் கடை, நகை அடகுக் கடை. இடையிடையே, குறுகிய மாடிப்படியின் அடியில் ‘லாட்ஜ்’ என்றெழுதிய பலகை. ஒப்பந்தத் தொழிலாளரும், இயந்திரப் பராமரிப்புக்கென வெளியூர்களிலிருந்து வருவோரும், தொழிற்பயிற்சிக்கு மனுச் செய்து காத்திருக்கும் இளைஞரும் அந்த லாட்ஜுகளில் தங்குகின்றனர். அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு வாளி, ஒரு குவளை; அவ்வளவே. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அவ்வறைகள் இடம்பெறப் போவதில்லை. ஆயினும் எனக்கு அவற்றின்மீது தனி மதிப்புண்டு. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, நகரத்து ஓட்டல்களைப் பற்றி எழுதுவானேன் என வாசகர்கள் கேட்கலாம். அதற்கு வழிவகுத்தவர், தம் மகளின் திருமண ஓலை எழுத வந்த ஒரு தகப்பனார். அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவர். மாப்பிள்ளை வீட்டார் சென்னையில் குடியிருப்பவர்கள். திருமணமும் அங்கேயே, மே மாதத்தில். பெண் வீட்டாருக்கென ஓர் ஓட்டலைப் பார்த்து வைத்திருந்தனர்.

“சாமி, வாசல்ல பச்சை இலை படம் போட்ட ஓட்டலாம். சுற்றுச்சூழலுக்கு ஏத்ததுன்னு சர்டிபிகேட்டு வாங்கியிருக்காங்களாம். மத்த இடத்தைவிட அறை ஒண்ணுக்கு ஆயிரம் ரூபா கூட. முப்பது அறை, ரெண்டு நாளு. அறுபதாயிரம் ரூபா அந்த இலைக்கே போகுது. மாப்பிள்ளை படிச்ச பிள்ளை. உலகத்துக்கு நல்லது செய்யணும்னு சொல்றாரு. தட்டிப் பேச மனசு வரலை. அந்த இலை மெய்தானா சாமி?”

“மெய்யாகவும் இருக்கலாம் ஐயா. யார் கொடுத்த இலை என்று பார்க்க வேண்டும்” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அங்க ஏ.சி. ஓடுதுன்னா, இங்க நாங்க எரிச்சதுதானே அங்க போய்க் குளிருது?” என்றார்.

இதனைவிடச் சுருக்கமாக இவ்விஷயத்தை எவரும் கூறிவிட முடியாது. எனவே அவருடைய கேள்வியையே பிடித்துக்கொண்டு செல்வோம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருளும் வெளிப்பட்டது. அதுவே இச்சுற்றுவட்டார ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குப் புலப்பட்டது. 1962-இல், சோவியத் நாட்டின் துணையுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுக்கு உயர்ந்த அந்த முதல் நிலையம், ஏறத்தாழ அறுபதாண்டு உழைத்தபின் 2020-இல் மூடப்பட்டது. 1,470 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் நிலையமும், பின்னர் வந்த 1,000 மெகாவாட் புதிய நிலையமும், விரிவாக்க நிலையங்களும் உள்ளன. தமிழகத்துக்கும் புதுவைக்கும் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் இங்கிருந்து மின்சாரம் செல்கிறது.

பழுப்பு நிலக்கரி ஏழைக் கரி. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி வெறும் ஈரம். ஆதலால் ஒரு யூனிட் மின்சாரம் பெற, சுமார் ஒரு கிலோ கரியை எரித்தாக வேண்டும். அந்தக் கரியும் மேலாகக் கிடப்பதன்று. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அகற்றுகின்றனர். கரிப்படுகைக்குக் கீழே, பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர் வேறு உண்டு. அதனை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கமே வெள்ளக்காடாகிவிடும்.

இப்போது திருமணக் கணக்குக்கு வருவோம். மே மாதத்து வெயிலில் ஓர் அறையின் குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடினால், எட்டு முதல் பத்து யூனிட் செலவாகும். முப்பது அறை, இரண்டு இரவு. பத்து யூனிட் என்றே கொண்டால் 600 யூனிட். அதாவது 600 கிலோ கரி. அதற்காகப் புரட்டிய மண் 3 கனமீட்டருக்கு மேல். மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், பழைய 75 வாட் விசிறியே ஆனாலும், எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட்தான். முப்பது அறைக்கு இரண்டு இரவும் சேர்ந்து 36 யூனிட். கொதிகலன் அருகே நின்றவருக்கு இதனை விளக்க எனக்கு இரண்டு நிமிடமும் பிடிக்கவில்லை. “அரை டன்னுக்கு மேல எரியுது” என்று அவரே முடித்துவிட்டார்.

ஓட்டல்காரர் சார்பிலும் நியாயம் பேச வேண்டும். தமிழகத்தில் ஓடும் மின்சாரமெல்லாம் நெய்வேலியிலிருந்து வருவதன்று. முப்பந்தல் முதலிய இடங்களில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் உள்ளன. சூரிய மின் நிலையங்களும் பெருகியுள்ளன. நெய்வேலி நிறுவனமே சூரிய மின்சாரத்தில் இறங்கியுள்ளது. சில பெரிய ஓட்டல்கள் தென்மாவட்டங்களில் காற்றாலை நிறுவி, தாம் செலவிடும் அளவு மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் சேர்த்துவிடுகின்றன. மெச்சத்தக்க முயற்சி. ஆனால் கம்பியில் கலந்தபின் மின்சாரத்துக்கு ஊரும் பேரும் கிடையாது. இங்கே காற்று பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையே வலுத்து வீசுகிறது. கணக்கேட்டில் ஓட்டல் காற்றில் ஓடும். காற்றடங்கிய பங்குனி மாதத்து நள்ளிரவில் அதே ஓட்டலுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் கரிதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், மனிதரின் அளவுமீறிய நுகர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனப் பெருக்கத்தையே சுட்டியிருப்பதை நம்மில் பலர் கவனியாமல் கடந்திருப்போம். (திருமணத்தைத் தை மாதத்தில் வைத்தால், சென்னையில் விசிறியே போதும். எந்தச் சான்றிதழும் தராத மிச்சம் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தானே வருகிறது!)

மின்சாரத்தைப் போலவே தண்ணீருக்கும் நம் பகுதியோடு ஓர் உறவுண்டு. கும்பகோணம் சாலையில் நெய்வேலியை அடுத்துள்ள வடக்குத்து என்னும் ஊரைப் பலர் அறிவர். சோழர் வெட்டிய வீராணம் ஏரியின் நீர், சேத்தியாத்தோப்பிலிருந்து அங்கு வந்து சுத்திகரிக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னையை அடைகிறது. 2004-இல் நிறைவேறிய இத்திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். இதற்கு முன் எழுபதுகளில் தொடங்கிக் கைவிட்ட வீராணம் திட்டத்தின் இராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததையும், வீடற்ற குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்ததையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுபோன நாள்களிலும், வீராணத்து நீர் நகரத்துக்குச் சென்றுகொண்டுதான் இருந்தது. அப்போது தண்ணீரின்றித் திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் சிறு உணவகங்களும் பட்ட பாட்டை நாளிதழ்களில் படித்தோம்.

ஓட்டலில் ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கணக்கிடுகிறது. சிறிய ஓட்டலில் 180. உயர் நட்சத்திர ஓட்டலில் 320. ஒரே மனிதர்தாம்; படுக்குமிடம் மாறியவுடன் தேவை இரண்டு பங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. வாளியில் மொண்டு குளித்தால் ஒன்றரை வாளியில் முடியும் குளியல், தூவாலையின் கீழ் நின்றால் ஐந்து வாளியாகிறது.

நிலத்தின் கதை மேலும் வருத்தமானது. 2023 சூலை மாத இறுதியில், நம் மாவட்டத்தின் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கென விளைந்து நின்ற நெற்பயிரின் நடுவே இயந்திரங்களை இறக்கிக் கால்வாய் வெட்டினர். நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது ஒரு பக்கம். விதைத்ததை அறுக்கும்வரையேனும் பொறுக்கலாகாதா என்றது மறுபக்கம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பச்சைப் பயிர் மண்ணுக்குள் போவதைக் கண்ட வேளாண் குடும்பங்களின் முகங்களை அன்று தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சுரங்கத்தில் வேலை பெற்று வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆகையால் கரியை ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போவது மந்தாரக்குப்பத்தில் எளிதன்று. ஆனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் யாரோ ஒருவர் தம் மண்ணைக் கொடுத்திருக்கிறார் என்பது இங்கிருந்து பார்ப்போருக்குத் தெளிவாகத் தெரியும்.

இனி அந்தப் பச்சை இலைக்கு வருவோம்.

சான்றுகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது, கட்டடத்துக்குத் தரும் சான்று. அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் ‘லீட்’ இவ்வகையில் புகழ்பெற்றது. ஐதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் அதன் மிக உயர்ந்த தரமான ‘பிளாட்டினம்’ பெற்று நம் நாட்டுக்கு வழிகாட்டியது. 2001-இல் தோன்றிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும் இத்தகைய சான்று தருகிறது. டெரி ஆய்வு நிறுவனமும் மத்திய அரசும் இணைந்து உருவாக்கிய ‘கிருஹா’ மற்றொன்று. சென்னை கிண்டியில் 2012-இல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழா, 600 அறைகளுடன், அக்காலத்தில் உலகிலேயே பெரிய ‘லீட் பிளாட்டினம்’ ஓட்டல் என்று பேசப்பட்டது.

இச்சான்றுகளைப் பெறுவது எளிதன்று. சுவரின் கனம், கண்ணாடியின் தன்மை, விளக்குகள், குழாய்கள், கழிவுநீர் மறுசுழற்சி யாவற்றையும் எண்ணி மதிப்பெண் போடுகின்றனர். ஆனால் அவற்றுள் பல, கட்டடம் எழும்பும்போது பெறுபவை. ஞானஸ்நானச் சான்றிதழ் போல என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்ததை அது உறுதி சொல்லும். பிறகு ஆள் எப்படி வாழ்கிறார் என்பதைச் சொல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கென இதே மன்றங்கள் தனிச் சான்றும் வைத்துள்ளன. எது என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, ஓட்டலை நடத்தும் முறைக்குத் தரும் சான்று. டென்மார்க்கில் 1994-இல் தோன்றிய ‘கிரீன் கீ’ இவ்வகை. இதனைக் குறித்த காலத்தில் மறுபடி சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். ‘ஈகோடெல்’ என்பதும் இத்தகையதே. மும்பை விமான நிலையத்தின் அருகிலுள்ள ஆர்க்கிட் ஓட்டல் அதனைத் தொண்ணூறுகளிலேயே பெற்று ஆசியாவில் பெயர் பெற்றது. இவற்றுக்கெல்லாம் மேலே, ‘உலக நிலைத்த சுற்றுலா மன்றம்’ என ஒன்றுண்டு. அது நேரடியாக ஓட்டல்களுக்குச் சான்று தருவதில்லை. சான்று தருவோரைச் சோதித்து அங்கீகரிக்கிறது. எனவே ‘அம்மன்றத்தின் சான்று பெற்றோம்’ என்று ஓட்டல் ஒன்று விளம்பரம் செய்தால், இடையிலே சோதித்த நிறுவனம் எது என வினவுவது முறை.

மூன்றாவது இனம்தான் ஊரெங்கும் மலிந்தது. ஓட்டல்காரர் தாமே அச்சகத்தில் அடித்துக்கொள்ளும் இலை. யாரும் சோதிப்பதில்லை, யாரும் புதுப்பிப்பதில்லை, வெயிலில் வெளுத்தால் மறுபடி வர்ணம் பூசுவார்கள்.

இந்த மூன்றாம் இனத்தின் பெயரே ஓட்டல் அறையில்தான் பிறந்தது. ஜே வெஸ்டர்வெல்ட் என்னும் அமெரிக்கச் சூழலியலாளர், பசிபிக் தீவொன்றின் உல்லாச விடுதியில், ‘இயற்கையைக் காக்கத் துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள்’ என்ற அட்டையைக் கண்டார். அதே விடுதி கடலோரத்தில் மேலும் மேலும் கட்டடங்களை விரித்துக்கொண்டிருந்தது. 1986-இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நடிப்புக்கு அவர் ஒரு சொல் வழங்கினார். நாம் ‘பசுமைப் பூச்சு’ எனலாம். துண்டைச் சலவைக்குப் போடாவிட்டால் முதலில் மிச்சமாவது ஓட்டலின் பணம் என்பதே அவர் கண்ட சூட்சுமம்.

சென்னையில் ஒரு கூட்டத்துக்காக நான் தங்க நேர்ந்த ஓட்டலிலும் அத்தகைய அட்டை இருந்தது. பெயர் வேண்டாம். சொன்னபடியே துண்டைக் கொடியில் மாட்டிவிட்டுச் சென்றேன். மாலையில் வந்து பார்த்தால் புதிய துண்டு! அதுகூடப் பெரிதன்று. அவ்வறையின் சாளரம் திறக்க இயலாதபடி அடைக்கப்பட்டிருந்தது. கூரையில் விசிறியும் இல்லை. மூச்சு விட வேண்டுமானால் குளிர்சாதனத்தைப் போட்டே தீர வேண்டும். மந்தாரக்குப்பத்து லாட்ஜில் விரும்பினால் சாளரத்தைத் திறக்கலாம். இங்கே அந்த உரிமை பறிபோயிருந்தது. மேசைமேல் மட்டும் மூங்கில் படம் போட்ட அட்டை.

அரசுகளும் இதனைக் காணாமல் இல்லை. நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. ‘பசுமையானது’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வோர் அதற்கான ஆதாரத்தை வைத்திருக்கவும் வெளிப்படுத்தவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் சட்டமியற்றி, முறையான சோதனையில்லாத பசுமை முத்திரைகளைத் தடைசெய்து, 2026 செப்டம்பர் 27-ஐ நடைமுறை நாளாகக் குறித்தது. பெரும் முன்பதிவு நிறுவனமான புக்கிங் டாட் காம், தான் ஓட்டல்களுக்கு வழங்கிவந்த இலைக் குறிகளை, நெதர்லாந்து நுகர்வோர் ஆணையத்தின் ஆட்சேபத்துக்குப் பின், 2024-இல் விலக்கிக்கொண்டது. செல்பேசித் திரையில் இலையைக் கண்டு மகிழ்ந்த நம் இளைஞர்கள் இதனை அறிதல் நன்று.

இன்னொன்று. மழைநீர்ச் சேகரிப்பு இருக்கிறது, பிளாஸ்டிக் பை இல்லை என்றெல்லாம் சில ஓட்டல்கள் பெருமை பேசும். தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்கள் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைப்பட்டவை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதி விதிகளிலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முதலியன அடங்கியுள்ளன. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்கு அறைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல் கேட்பது என்ன நியாயம்? சட்டம் சொன்னதற்கு அப்பால் என்ன செய்கிறீர்கள் என்பதே கேள்வி.

இவற்றையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சுருக்கிச் சொல்லி, தொலைபேசியில் ஓட்டலாரிடம் நேரே கேட்கும்படி கூறினேன். சான்று தந்தவர் யார், எந்த ஆண்டு, எதுவரை செல்லும்? அது கட்டடத்துக்கா, நடத்தும் முறைக்கா? அறையில் விசிறி உண்டா, சாளரம் திறக்குமா? தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா? சமையற்கட்டுக் கழிவு எங்கே போகிறது? கடைசிக் கேள்வியை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடி மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியையே விழுங்கியது. பறவைகள் வந்திறங்கும் அச்சதுப்பு நிலம் 2022-இல் உலகளாவிய ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கல்யாணச் சாப்பாட்டின் மிச்சம் போய்ச் சேரும் இடத்தை மணவீட்டார் அறிந்திருப்பதில் தவறில்லை.

மாப்பிள்ளையே முன்வந்து விசாரித்தார். அவருடைய நல்லெண்ணத்தில் குறையில்லை. வந்த பதில்கள் இவை. சான்று மெய்யானதுதான், ஆனால் கட்டடத்துக்கு, எட்டாண்டுகளுக்கு முன் பெற்றது. விசிறி கிடையாது. சாளரம் திறக்காது. தண்ணீர் பாதி லாரியில். கழிவை ‘காண்டிராக்டர் எடுத்துப் போகிறார்’. எங்கே என்பது தெரியாது. இரு வீட்டாரும் கலந்து பேசி, முதியோருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் மட்டும் வேறு ஓர் ஓட்டலில் பத்துக் குளிர்சாதன அறைகள் எடுத்தனர். அங்கு விசிறியும் இருந்தது. கோவிலுக்கு நடந்து போகும் தூரம். மற்றவர்களுக்குத் துறவற சகோதரிகள் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் விசிறி அறைகள். வெப்பத்தில் மூச்சுத்திணறும் பாட்டியைக் கரிக் கணக்குச் சொல்லி வாட்டலாகாது. இருபது வயது இளைஞன் இரண்டு இரவு வியர்த்தால் ஒன்றும் ஆகிவிடாது. மிச்சமான தொகை எவ்வளவென்று நான் கேட்கவில்லை. விருந்தில் மீன் தாராளமாக இருந்ததென்று கேள்வி.

நகரம் செல்லும் நம் குடும்பங்களுக்கு இத்தகைய இல்லங்கள் பல மறைமாவட்டங்களிலும் உள்ளன. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இடம் தருவர். ஆனால் அங்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். சிலுவை மாட்டிய சுவர் என்பதற்காக ஒழுகும் குழாய் நல்ல குழாய் ஆகிவிடாது.

மந்தாரக்குப்பத்து லாட்ஜுகளின்மீது எனக்கு மதிப்புண்டு என்றேனல்லவா? சான்று தருவோரின் அளவுகோலில் எனக்குள்ள மனக்குறையே அதற்குக் காரணம். 320 லிட்டரை 250 ஆக்கினால் பாராட்டும் மதிப்பெண்ணும் கிடைக்கின்றன. ஒருநாளும் இரண்டு வாளிக்கு மேல் செலவிடாத அறைக்கு எதுவுமில்லை. சான்றுக்கான கட்டணம் செலுத்தவும் அதன் உரிமையாளருக்கு வழியில்லை. நம் முன்னோரின் சத்திரங்களில் பாயும் கிணறும் இருந்தன. பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் வருவோருக்குச் சோறு சமைக்கிறது. வீரமாமுனிவர் ஆலயம் எழுப்பிய கோணான்குப்பத்துக்குத் திருவிழா நாள்களில் செல்வோர், ஓலைப்பாயும் கட்டுச்சோறுமாகப் போய் வருவதும் நமக்குப் புதிதன்று.

அதற்காக இங்குள்ள லாட்ஜுகள் குறையற்றவை என்று சொல்ல வரவில்லை. கழிவுநீர் பல இடங்களில் தெருச் சாக்கடைக்கே போகிறது. தண்ணீர்ப் பாக்கெட் உறைகள் மாடிப்படியின் கீழ் குவிகின்றன. விசிறிகளோ எங்கள் சிறுவயதில் பார்த்த அதே கனத்த விசிறிகள். இப்போது 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறிகள் வந்துவிட்டன. பழையதன் செலவில் பாதிகூட ஆகாது. ஒரு சுத்திகரிப்புக் கருவியும் மண்பானையும் வைத்தால் பாக்கெட் தேவையில்லை. கடைவீதியில் ஒரு லாட்ஜ் உரிமையாளரிடம் இதனைச் சொன்னபோது, “விசிறி மாத்திடலாம் சாமி, கரண்டு பில்லு குறையும்னா ஏன் மாத்தமாட்டேன்? பானைதான் பயம். குவளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார். குவளையைச் சங்கிலியால் கட்டலாம் என்றேன். ஆறு அறைகளில் விசிறி மாறிவிட்டது. பானை இன்னும் வரவில்லை.

இவ்வழியே பயணம் செய்வோர் ஓர் இரவு இங்குத் தங்குவதானால், மேல்மாடி அறையைக் கேட்டு வாங்குங்கள். கோடையில் சற்றுச் சூடாகத்தான் இருக்கும். சாளரத்தைத் திறந்துவிட்டால், தொலைவில் சுரங்கப் பக்கத்து விளக்குகள் வரிசையாகத் தெரியும். காற்று இப்பக்கம் திரும்பினால், கரி சுமந்து மின் நிலையத்துக்கு ஓடும் கன்வேயர் பட்டையின் ஒலி விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கும்.